குரலை இடம் மாற்றிய மாதம்

பிப்ரவரி 6, வியாழன்

மதுரைக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். இவர் தொண்டையிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னார். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள், இனி அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது. பதினேழாம் தேதி திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள், தள்ளிப் போட வேண்டாம் என்றார்.

 எத்தனை நாளில் சாப்பிடலாம், மாடி ஏறலாமா, தலைக்குத் தண்ணீர் விடலாமா என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். எந்த பஸ்ஸில் ஏறினாலும் அந்தக் கண்டக்டரோடு நாலு வார்த்தை பேசாமல் இறங்க மாட்டார். இன்றைக்கு இரண்டு விரலைக் காட்டி டிக்கெட் வாங்கினார். சாத்தூர் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார். குரல் ரொம்பக் கம்மிவிட்டது.

“புஷ்பம், மாடியில இருக்கிற கம்ப்யூட்டர்ல உள்ளதையெல்லாம் உன் லேப்டாப்புக்கு மாத்தணும். அது எப்ப வேணா உசுர விட்டிரும்.”

“மாத்துவோம்.”

“அத முடிச்சிட்டுத்தான் மருதைக்கு.”

சரி என்றேன். தோசை மாவு புளித்திருந்தது. ஊத்தப்பமாக ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மாடிக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டினேன். மகள் வினோதினி ஏழாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, புனாவில் வேலை பார்க்கிறாள். இது மட்டும் அதே மேஜையில் இருக்கிறது. போட்டவுடன் உள்ளே ‘டக் டக்’ என்று சுவர்ப்பல்லி மாதிரி சத்தம் கொடுத்தது. ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று வினோ சொல்கிறாள்.

அதில் இருப்பதெல்லாம் ஹாக்கி. எங்கள் கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு கிடையாது. கண்டக்டர் வேலை இவர் வயிற்றுக்கு. மைக் இவர் மனதுக்கு. எந்தப் போட்டி நடந்தாலும் வர்ணனை இந்தப் பூவநாதன்தான். லீவு போட்டுவிட்டுப் போய் மைக்கைப் பிடித்துவிடுவார். வீடியோ எடுப்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொரு போட்டியையும் வாங்கி இதில் ஏற்றி வைத்திருக்கிறார். மொத்தம் அறுநூறு ஜிபிக்கு மேல் காட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஆளே கிடையாது என்று இதற்காக நான் போட்ட சண்டையெல்லாம் எங்கேயும் பதிவாகவில்லை. நல்லது.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதலில் பென் டிரைவில் முயன்றோம். சின்னச் சின்ன வீடியோவை ஏற்றுக்கொண்டது. இறுதிப் போட்டி ஒன்றைப் போட்டபோது, கோப்பு மிகப் பெரியது, இடமில்லை என்றது. டிரைவில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. வினோவுக்குப் போன் போட்டேன். நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அந்த மாதிரி டிரைவ் வாங்காதாம். பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டலாமென்றால், பழைய கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டைகள் தொட்டால் தொடர்பு விட்டுப் போகின்றன.

கடைசியில் அவள் சொல்லச் சொல்ல மாடிக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரைப் பகிர்ந்து, கீழே என் லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக எடுக்கிற மாதிரி செய்தேன். லேப்டாப் அவள் பழைய கம்பெனியில் கொடுத்தது. கனமாக இருக்கும். தீப்பெட்டி ஆலைக் கணக்கு வேலை மீந்தால் வீட்டில் வைத்துப் பார்ப்பேன்.

பச்சைக் கோடு ஒன்று தோன்றி நகர ஆரம்பித்தது. மீதி நேரம்: இரண்டு நாள், பதினாலு மணி.

“ரெண்டு நாளா?” என்றார்.

“ரெண்டு நாள்தான் ஆகும்ங்குது.”

“ஆகட்டும், ஆகட்டும். அவசரப்படுத்தாத” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

போய்க்கொண்டிருக்கிறது. ஆலையிலிருந்து வரும்போது கத்தரிக்காய் வாங்கி வந்தேன். எல்லாம் சொத்தை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாயங்காலம் மின்வெட்டு. மாடிக் கம்ப்யூட்டரும் வைஃபை பெட்டியும் அணைந்து, ஃபைல் காப்பி ஆவது நின்றுபோனது. போனது போக மீதியை மட்டும் போடலாம் என்று வினோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மறுபடி போட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

வந்து சேர்ந்தவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். 2008 என்று இருந்தது.

அப்போது மைதானம் வெறும் செம்மண். செயற்கைப் புல் எல்லாம் பிறகு வந்ததுதானே. சுண்ணாம்புக் கோடு, சவுக்குக் கம்பு கட்டிய தடுப்பு, புழுதிக்குள் ஆட்கள் ஓடுவது பாதிதான் தெரிகிறது. ஆனால் குரல் தெரிகிறது. வெண்கலம் மாதிரி.

“வலது ஓரமா வாராரு... ஒருத்தரத் தாண்டிட்டாரு... ரெண்டு பேரு... அடே தம்பி, பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு, சோறு எல்லாருக்கும்தான போடுதாங்க!”

கூட்டம் சிரிக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு, “பச்சச் சட்ட போட்ட சின்னப் பய ஒருத்தன் மைக்குப் பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டிருக்கான். பேரு கேட்டா ‘அம்மா’ங்கான். அம்மா எங்க இருந்தாலும் வரவும்” என்கிறார்.

எனக்கு இந்தக் குரல் மைக்குக்கு முன்னாலேயே பழக்கம். ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டயபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அதில் இவர் கண்டக்டர். பட்டாணி பொரிகிற மாதிரி ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவார். என்னைப் பார்க்கவே மாட்டார். ஆனால் நான் உட்கார இடம் கிடைத்த பிறகுதான் பஸ் கிளம்ப இரட்டை விசில் விழும். இது எனக்குப் புரியவே இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. என்னோடு வந்த முத்துக்கனிக்கு முதல் வாரமே புரிந்துவிட்டதாம். டிரைவருக்கும்.

பாதியில் நிறுத்திவிட்டேன். வீடியோ நன்றாகத்தான் வந்திருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

ஆலையில் சாமி கும்பிட்டு அரை நாள் விட்டார்கள். மத்தியானமே வந்துவிட்டேன். லேப்டாப் முன்னால் இவர் உட்கார்ந்திருந்தார். கை மௌஸில் இருந்தது. பச்சைக் கோட்டைக் காணவில்லை.

“கரண்டு போயிருச்சு புள்ள” என்றார்.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

குடிக்கக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பிறகு மறுபடியும் ஃபைல் மாற்றுவதைத் துவக்கினேன். போனதை விட்டுவிடவா, மறுபடி எடுக்கவா என்று கேட்டது. மறுபடி எடு என்று அழுத்தினேன். முதலிலிருந்தே போகட்டும், ஒழுங்காக இருக்கும்.

பிப்ரவரி 15, சனி

இவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வீட்டில் ஒரு வேலை முடியவில்லை, ஒரு வாரம் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டார். இருபத்தி நாலாம் தேதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பையில் மடித்து வைத்திருந்த வேட்டி, துண்டு, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் எடுத்துப் பழையபடி பீரோவில் வைத்தேன்.

சாயங்காலம் பால் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்காமலே இவர் இரண்டு தம்ளர் குடித்தார். 

பிப்ரவரி 18, செவ்வாய்

ஃபைல் காப்பி நின்றிருந்தது. முதலிலிருந்து போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நின்றிருந்தது. போட்டேன்.

பிப்ரவரி 22, சனி

இவர் மறுபடியும் மார்ச் மூன்றாம் தேதிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார். வினோ போனில் கத்தினாள். “அம்மா, நீ என்னம்மா பண்ணிட்டிருக்க? நீயாவது சொல்ல மாட்டியா?”

“வேல முடியலடி. பெரிய பெரிய ஃபைலா இருக்கு” என்றேன்.

 “சரிம்மா” என்று வைத்துவிட்டாள்.

கீரை நன்றாக இருந்தது. இவரும் ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் துணி காயப் போட மாடிக்கு ஏறினேன். பின்னாலேயே இவரும் வந்தார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை, மூச்சே உள்ளே போகவில்லை. இழுத்தால் சீட்டி அடிப்பது மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. கண் வெளியே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். வாளியைப் போட்டுவிட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. சரியானவுடன் அவர் செய்த முதல் காரியம், உருண்டு போன வாளியை எடுத்துக் கொடுத்ததுதான்.

ஆலைக்குப் போனதும் நானே டாக்டரம்மாவிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

“அம்மா, கட்டி மூச்சுக்குழல அடைக்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப எடுத்தா முழுசா எடுத்திரலாம். கழுத்துல பரவிட்டா நான் இதே வார்த்தைய உங்ககிட்ட சொல்ல முடியாது. அப்படி என்ன வேலம்மா வீட்ல?”

 மூன்றாம் தேதி கண்டிப்பாக வந்துவிடுகிறோம் என்றேன்.

பிறகு வினோவுக்குப் போன் போட்டேன். “அறுநூறு ஜிபி ஒரே நாள்ல போகணும். வழி இருக்கா, இல்லையா?”

“இருக்கும்மா” என்றாள். அவ்வளவு சீக்கிரமாகச் சொன்னதைப் பார்த்தால், நான் கேட்பதற்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 26, புதன்

ஆலைக்கு லீவு. சிவராத்திரி என்பதால் கோவில் பக்கம் காலையிலிருந்தே கூட்டம். கூட்டத்துக்குள் புகுந்து மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

“நெட்வொர்க் வயர் வேணும். ரெண்டு பக்கமும் கிளிப் போட்டது.”

“கேமராவுக்கா அக்கா?”

“இல்ல. வீட்டுக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர நேரா சேக்கணும்.”

ஒரு நீல வயரைச் சுருட்டிக் கொடுத்தார்.

இவர் கீழே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பழைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வயரின் ஒரு முனை அதன் பின்புறம், இன்னொரு முனை லேப்டாப்பில். இப்போது வரும் மெல்லிசு லேப்டாப்புகளில் இந்த ஓட்டையே இருக்காதாம். சொருகியதும் இரண்டு பக்கமும் சின்னதாக விளக்கு மின்னியது.

வினோ போனில் படிப்படியாகச் சொன்னாள். முதலில் லேப்டாப்பில் வைஃபையை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய வழியிலேயே போகும். “ரெண்டுக்கும் நம்பர் குடுக்கணும்மா. முதல் மூணு நம்பரும் ஒண்ணா இருக்கணும், ஒரே தெரு மாதிரி. கடைசி நம்பர் கதவு நம்பர். அதுக்கு ஒண்ணு, இதுக்கு ரெண்டு.” கொடுத்தேன். முதலில் ஒன்றையொன்று தெரியாது என்று சாதித்தன. பழைய கம்ப்யூட்டரின் தடுப்பு ஏதோ குறுக்கே நின்றது. அதையும் எடுத்துவிட்டோம்.

ஃபோல்டரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். வைஃபையில் விநாடிக்கு மூன்று எம்பி என்று நொண்டிக்கொண்டிருந்தது எண்பதைத் தொட்டது. மீதி நேரம் இரண்டு மணி சொச்சம்.

“அம்மா, எவ்ளோ காட்டுது?”

“ரெண்டு மணி நேரம்.”

“அப்பா எங்க?”

படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். நீல வயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மௌஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“என்ன புள்ள பண்ணுத?”

“மாத்துறேன்.”

பழைய இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தார். திரையில் கோப்புகளின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு பெயர் போய் அடுத்த பெயர் வருவதற்குள் குழம்பு கொதித்துவிடும். இப்போது படிக்க நேரமில்லை. இவர் மட்டும் எப்படியோ படித்தார்.

“அது சென்னைக்காரங்க வந்த வருசம்... மழ பேஞ்சு பந்து சேத்துக்குள்ள முங்கிருச்சு. ஆளுக்கொரு பக்கம் தேடுதாங்க. நான் மைக்கில, ‘பந்து குளிக்கப் போயிருக்கு, வந்துரும்’னேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அது நம்ம வினோ வயசுக்கு வந்த வருசம். நீ போன் போட்டு வாங்கன்னு சொன்ன. எக்ஸ்ட்ரா டைம் போய்க்கிட்டிருந்துச்சு.”

“ஆமா. எக்ஸ்ட்ரா டைம் முடிஞ்சு, கப்பு குடுத்து, ஃபோட்டோ எடுத்துட்டு வந்தீங்க.”

“திட்டுன.”

“திட்டுனேன்.”

கோவிலில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது பச்சைக் கோடு முனையைத் தொட்டது. கட்டம் மறைந்தது. இரண்டு பக்கத்து அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று போலவே இருந்தது.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“பதினெட்டு வருசம் புள்ள. ஒரு சாயங்காலத்துல போயிருச்சே.” பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “நடுவுல நிறுத்துனது நாந்தான்” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சா பின்ன எதுக்கு மறுபடி மறுபடி முதல்ல இருந்து போட்ட?”

வயரைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தேன். அது சுருள மாட்டேன் என்றது.

“மயக்க மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு வார்த்த பேசணுமில்ல. என்ன பேசன்னு இருபது நாளா யோசிக்கேன். ஒண்ணுமே வரல. வாழ்க்க பூரா வாய் ஓயாம பேசுனவன்.” குரல் பாதி காற்றாகவே வந்தது. “போயிப் படுத்தா, எந்திரிக்கும்போது நான் ஊமைதான.”

“ஊமையா வாங்க. வரணும், அவ்வளவுதான்.”

“வந்தா எங்கூட எப்படிச் சண்ட போடுவ?”

“நான் போடுவேன், நீங்க கேளுங்க. இத்தன வருசம் நாந்தான கேட்டேன்.”

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முதுகைத் தடவிவிட்டேன். கீழே இறங்கும்போது அவர் முன்னால், நான் பின்னால். பீரோவைத் திறந்து பையை எடுத்து வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். தினமும் பேசுகிற வார்த்தைகளை இப்போதே பதிவு செய்து போனில் வைத்துக்கொண்டால், பிறகு தொட்டால் பேசும். காலையிலிருந்து இவர் அதில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, ஃபேனைக் குறை. எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போலச் சொன்னார்.

“உனக்கு என்னென்ன வேணும், சொல்லு” என்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“கொழம்புல உப்புக் கூடன்னு ஒண்ணு சொல்லி வைங்க. தினம் வேணுமே.”

சொன்னார். “கேட்டப் பூட்டிட்டியா”, “போன எங்க வச்ச”, “உங்க அண்ணன் வந்தா நான் இல்லன்னு சொல்லு.” இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு பொத்தானை அழுத்தியபடியே, வெறுமனே “புஷ்பம்” என்றார். இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாக. இன்னொரு தடவை, தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைக் கவனிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 3, திங்கள்

சேர்த்துவிட்டோம். ஜன்னல் பக்கத்துக் கட்டில். வினோ நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

காலையில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுக்க வைத்து வராந்தாவில் தள்ளிக்கொண்டு போகும்போது நானும் வினோவும் கூடவே நடந்தோம். ஏதாவது சொல்வார் என்று குனிந்துகொண்டே போனேன். வராந்தா திரும்புகிற இடத்தில் வண்டிச் சக்கரம் சுவரில் இடிக்கப் பார்த்தது.

“தம்பி, வளைவுல பாத்து” என்றார் தள்ளுகிறவரிடம்.

அதுதான் கடைசி. அதற்குள் கதவு வந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

நல்லபடியாக முடிந்ததாம். முழுதாக எடுத்துவிட்டார்கள். உள்ளே விட்டார்கள். கண் திறந்து பார்த்தார். “நல்லாருக்கீங்களா?” என்றேன். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளக் காதைக் கொண்டுபோனேன். பழக்கம்.

மார்ச் 12, புதன்

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. வினோ புனாவுக்குக் கிளம்பினாள்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லையாம், மேற்கொண்டு கதிர் சிகிச்சை வேண்டாம், மாதம் ஒரு முறை காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. கழுத்துத் துவாரத்தைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டேன். முதல் நாள் இரண்டு தடவை நர்ஸைக் கூப்பிட்டேன். இப்போது விளக்குத் திரி தூண்டுகிற மாதிரிதான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இவரிடம் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். வாய் போனால் காதும் போய்விட்டதென்று நினைப்பு. எதிர்வீட்டு அண்ணாச்சி போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. இவர் சிலேட்டில், ‘காது ரெண்டும் பத்திரம்’ என்று எழுதிக் காட்டினார்.

போனில் பதிந்து வைத்ததை இவர் ஒரு தடவைகூடத் தொடவில்லை. உப்புக் கூடினால் கையைத்தான் ஆட்டுகிறார்.

ஏப்ரல் 9, புதன்

மாடிக் கம்ப்யூட்டரைப் போட்டேன். டக் டக் என்றுவிட்டு, திரை கறுப்பாகவே நின்றது. அவ்வளவுதான். துணி போட்டு மூடி வைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

வந்த கோப்புகள் முழுதாக வந்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பாதி கேட்டால் தெரியாது. கடைசி வரை கேட்டால்தான் தெரியும். லேப்டாப்பை ஆலைக்கு எடுத்துப் போய்ச் சாப்பாட்டு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். இதுவரை பழுது எதுவும் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

இவருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று ராத்திரி சிலேட்டில், ‘இன்னும் எவ்வளவு சரிபார்க்கணும்?’ என்று எழுதி நீட்டினார்.

“நெறையக் கெடக்கு” என்றேன்.

தலையாட்டினார். இன்று காலையில் காதில் மாட்டுகிற கருவியைத் துடைத்து, என் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தார்.

மே 14, புதன்

இந்த வருஷ ஹாக்கிப் போட்டிக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். துவக்க விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டும், பழைய வர்ணனை ஒன்றை மைக்கில் போட வேண்டும் என்றார்கள். சிலேட்டில் பெரிதாக, ‘வேண்டாம்’ என்று எழுதினார். அவர்கள் முகம் வாடியதைப் பார்த்து அதற்குக் கீழே, ‘ஆட்டம் பார்க்க வருவேன்’ என்று எழுதினார். பிறகு என் பக்கம் சாக்பீஸை நீட்டிக் காட்டினார். நானும் வருவேனாம்.

மே 25, ஞாயிறு

இறுதிப் போட்டி. கழுத்தில் மெல்லிய துணி கட்டிக் கூட்டிப் போனேன். வாசலில் இருந்து கேலரி வரை எத்தனை பேர் வழிமறித்துக் கையைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளியூர் ஆட்டக்காரர்கள்கூட. குழுவினர் முன்வரிசை நாற்காலிக்குக் கூப்பிட்டார்கள். கையைக் காட்டி மறுத்துவிட்டு மேலே ஏழாவது வரிசைக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கிருந்துதான் மைதானம் முழுதும் தெரியும்போல.

கல்யாணமாகி எத்தனையோ போட்டி பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இவர் மைக் மேஜையில் இருப்பார். நான் வினோவை மடியில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். இவரிடமிருந்து வேர்வை வாசனையும் மருந்து வாசனையும் வந்தது. கடலை வாங்கிக் கொடுத்தார்.

புது வர்ணனையாளர் பரவாயில்லை. பெயர்களை முழுங்குகிறார். இவர் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தார், பிறகு விட்டுவிட்டார். பந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எப்போதும் பந்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. கூட்டம் சிரித்தால் சிரிப்பேன், கைதட்டினால் தட்டுவேன்.

கடைசிப் பகுதியில், ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருந்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் மைதானத்தின் நடுவில் பந்தை வாங்கினார். கோல் ரொம்ப தூரத்தில் இருந்தது. கூட்டம் சும்மா இருந்தது. இவர் என் கையை எட்டிப் பிடித்தார். வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். நான் கடலையைக் கீழே போட்டுவிட்டு நீலச் சட்டையையே பார்த்தேன். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், வளைந்து உள்ளே போனார்.

ஊரே எழுந்து நின்றது. மைக்கில் “கோல்! கோல்!” என்று அலறல் வந்தது. எனக்கு அது பழைய செய்தி.